மனநல சிகிச்சையாளர் பணி: உரிமமும் வேண்டும், உடன் நிற்கும் குழுவும் வேண்டும்

இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், மகள் பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சுட்டா. மேல படிச்சு, நாலைஞ்சு பேரு சேர்ந்து நடத்துற கிளினிக்குல வேலைக்குப் போகணும்னு நிக்கிறா. பைத்தியக்காரங்களோட உட்கார்ற வேலையா இது? பொம்பளப் புள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டார். கேட்டவர் படித்தவர்தான், மகள் மீது பாசம் உள்ளவரும்கூட. அவருடைய குழப்பம் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இருக்கிறது.

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பணி பற்றி எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டது என்னுடைய ஒரு தவறு மூலமாக. அதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இளைஞர் என்னிடம் வரத் தொடங்கினார். உளூ செய்ய அமர்ந்தால் எழ மாட்டார். கை நனைந்ததா, முழங்கை நனைந்ததா என்று ஐயம் வந்துகொண்டே இருக்கும். மீண்டும் மீண்டும் கழுவுவார். ஜமாஅத் தவறிவிடும். கைகளில் தோல் உரிந்திருக்கும். "இது ஷைத்தானின் வஸ்வாஸ், பொருட்படுத்தாதீர்கள்" என்று சொல்லி, ஓத வேண்டிய துஆக்களையும் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் தினமும் போன் செய்து, "ஹஜ்ரத், இன்று இப்படிக் கழுவினேன், உளூ கூடிவிட்டதா?" என்று கேட்பார். நானும் சலிக்காமல், "கூடிவிட்டது" என்பேன். ஒரு நாளைக்கு ஒரு முறை கேட்டவர் ஐந்து முறை, பத்து முறை கேட்கத் தொடங்கினார். பொறுமையாகப் பதில் சொல்வதை நான் நன்மை என்று நினைத்திருந்தேன். அவரோ வேலையை விட்டார், வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்தினார்.

பிறகு குடும்பத்தார் அவரை நகரத்தில் உள்ள ஒரு கூட்டு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்த மருத்துவ உளவியலாளர், அந்த இளைஞரின் சம்மதத்தைப் பெற்று, என்னிடம் பேசினார். இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய் என்று விளக்கினார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உளூவில் ஒவ்வொரு உறுப்பையும் எத்தனை முறை கழுவுவது கடமை?" ஒரு முறை கழுவுவது ஃபர்ளு, மூன்று முறை சுன்னத் என்றேன். உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹ் விதியையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "இனி அவர் போன் செய்தால், உளூ கூடியதா என்ற கேள்விக்கு மட்டும் தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பதிலும் அவருக்குச் சில நிமிட நிம்மதி தருகிறது. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார்: "உங்களிடம் கேட்க வேண்டும் என்பது எனக்கே தோன்றியதல்ல, ஹஜ்ரத். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர்தான், மார்க்கத்தில் எது கடமை என்று தெரியாமல் எதைக் குறைக்கச் சொல்லப் போகிறாய், தெரிந்தவரிடம் கேட்டு வா என்றார்."

நான் தனியாக உட்கார்ந்து தவறு செய்தேன். அவரைத் தவறவிடாமல் தடுக்க உடன் பணியாற்றும் ஒருவர் இருந்தார். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

யார் யார் இந்தத் துறையில்?

ஊரில் எல்லோரையும் 'சைக்கியாட்ரிஸ்ட்' என்றோ 'கவுன்சிலர்' என்றோ சொல்லிவிடுகிறோம். கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர் என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. நான்கு வகையினரைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெற்றவர். உளவியல் சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை அளிப்பார். மருந்து எழுத மாட்டார்.

மனநல சமூகப் பணியாளர்: சமூகப் பணிப் படிப்புக்குப் பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். குடும்பம், வேலை, அரசு உதவி, மறுவாழ்வு ஆகியவற்றைக் கவனிப்பவர்.

ஆலோசகர்: இவர்களில் உளவியல் முதுகலை படித்துப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற திறமையானவர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

உரிமம் என்பது என்ன?

இந்தியாவில் 'தெரபிஸ்ட்' என்ற பெயரில் தனி உரிமம் இல்லை. மருத்துவ உளவியலாளருக்குத்தான் தெளிவான சட்டப் பதிவு இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவர்கள் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் பெற வேண்டும். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவு ஒரு முறை பெற்றால் ஆயுளுக்கும் போதும் என்பதல்ல. தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் பதிவுக்கு நெடுங்காலமாக வழியாக இருந்தது இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். மருத்துவ உளவியல் படிப்பு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இதில் முன்னோடிகள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தச் சொன்னதால், படிப்புகளின் அமைப்பு மாறி வருகிறது. ஆகவே பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன், அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி விளம்பரத்தில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருப்பதால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது. இது தெரியாமல் பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் இழந்த குடும்பங்களை நான் அறிவேன்.

மற்ற உளவியலாளர்களையும் மனநல ஆலோசகர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021-இல் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படியான பதிவேடுகள் உருவாகி வருகின்றன.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் வழங்குகிறது. கலிபோர்னியாவில் திருமணம் மற்றும் குடும்ப சிகிச்சையாளர் உரிமம் பெற, முதுகலைப் படிப்போடு 3000 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் பணியாற்றியிருக்க வேண்டும். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். 'கவுன்சிலர்' என்ற பெயருக்கு அங்கேயும் சட்டப் பாதுகாப்பு இல்லை. எந்த நாட்டிலும் இந்தியப் பட்டம் தானாகவே உரிமமாக மாறிவிடாது.

உரிமம் என்பது வெறும் காகிதமா என்று கேட்பவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் துஆவை நம்பி வந்தவர்கள். நோயாளிகளை ஒப்படைத்த இடத்தில் முறையான சிகிச்சையும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, அங்கிருந்த மற்ற காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

கூட்டு கிளினிக் எப்படி இயங்குகிறது?

'குரூப் தெரபி' வேறு, 'குரூப் பிராக்டிஸ்' வேறு. முதலாவது, நோயாளிகள் பலரை ஒன்றாக உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சை. இரண்டாவது, சிகிச்சையாளர்கள் பலர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து பணியாற்றுவது. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. உள்ளே ஒவ்வொருவருக்கும் தனி அறை. வருபவர் தனக்குரிய ஒருவரிடம்தான் பேசுவார்.

பெரும்பாலும் ஒரு மனநல மருத்துவர், இரண்டு மூன்று மருத்துவ உளவியலாளர்கள், ஒரு சமூகப் பணியாளர், குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர், வரவேற்பில் ஒருவர் என்று இருப்பார்கள். முதலில் வருபவரிடம் விவரம் கேட்டு, யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். மருந்து தேவைப்பட்டால் பக்கத்து அறையிலேயே மருத்துவர் இருப்பார். கணவன் மனைவிக்கு இடையில் பிரச்சினை என்றால், ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிகிச்சையாளரே மற்றவரையும் தனியாகப் பார்க்காமல், இன்னொருவரிடம் அனுப்ப வசதி இருக்கும். பெண்கள் பெண் சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்நிய ஆணும் பெண்ணும் மூடிய அறையில் தனித்திருப்பது பற்றி நமக்குள்ள கவலைக்கும் இங்கே பெரும்பாலும் வழி இருக்கிறது. ஆட்கள் நடமாடும் இடம், கண்ணாடி பதித்த கதவு, வேண்டுமானால் மஹ்ரமான ஒருவர் வெளியே அமர இருக்கை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம்.

ஊதியம் மூன்று விதமாக அமைகிறது. சில இடங்களில் மாதச் சம்பளம். சில இடங்களில் ஒவ்வொரு அமர்வுக்கும் வரும் கட்டணத்தில் சிகிச்சையாளருக்கு ஒரு பங்கு, கிளினிக்குக்கு ஒரு பங்கு. சில இடங்களில் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மீதியைச் சிகிச்சையாளரே எடுத்துக்கொள்கிறார். பங்கு முறையில், வருபவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் அந்த மணி நேரத்துக்கு வருமானம் இல்லை. தேர்வு மாதத்திலும் பெருநாள் சமயத்திலும் வருகை குறையும். இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

ஓர் அமர்வு ஏறக்குறைய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. நாளொன்றுக்கு நான்கைந்து அமர்வுகள் என்றால் வேலை குறைவு என்று நமக்குத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பிறகு குறிப்பு எழுத வேண்டும். பள்ளிக்கோ மருத்துவருக்கோ அறிக்கை தயாரிக்க வேண்டும். அதைவிட, காலையில் குழந்தையைப் பறிகொடுத்த தாய், அடுத்து அடிவாங்கி வந்த மனைவி, அடுத்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் மாணவன் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மூவருக்கும் முழு மனதோடு செவி கொடுக்க வேண்டும். மய்யித் வீட்டுக்கு ஒரு நாள் போய் வந்தாலே நமக்கு மனம் கனத்துப் போகிறது. இவர்களுக்கு அது அன்றாடம்.

ஆதரவு என்றால் அன்பான பேச்சு மட்டுமல்ல

'எங்கள் கிளினிக் குடும்பம் போல' என்று எல்லோரும் சொல்வார்கள். குடும்பம் போல என்பது சிரித்துப் பேசுவதோ, பிறந்த நாளுக்கு கேக் வெட்டுவதோ அல்ல. உண்மையான ஆதரவு ஐந்து ஏற்பாடுகளில் தெரியும்.

முதலாவது, மேற்பார்வை. இளையவர் தான் பார்ப்பவர்களின் நிலையை மூத்த ஒருவரிடம் தவறாமல் எடுத்துச் சொல்லி, எங்கே தவறுகிறோம் என்று கேட்டுக்கொள்வது. இதற்கென்று வாரத்தில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லோரும் அமரும் கூட்டம். பெயரைச் சொல்லாமல், சிக்கலை மட்டும் வைத்துப் பேசுவார்கள். நம் இளைஞரின் விஷயத்தில் சரியான கேள்வி இந்தக் கூட்டத்திலிருந்துதான் வந்தது.

மூன்றாவது, நெருக்கடி நேரத்து முறை. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் இரவில் அழைத்தால் யார் எடுப்பது, யாருக்குச் சொல்வது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சுமை ஒரே தலையில் விழக் கூடாது.

நான்காவது, 'என்னால் முடியாது' என்று சொல்லும் உரிமை. தன் தந்தையை அண்மையில் இழந்த சிகிச்சையாளரிடம், தந்தையை இழந்தவரை உடனே அனுப்பினால் இருவருக்கும் தீங்கு. அப்படிப்பட்டவரை வேறொருவருக்கு மாற்றக் கேட்டால் வருமானத்தைக் காட்டி மறுக்காத இடமே நல்ல இடம்.

ஐந்தாவது, தவறு நடந்தால் மூடி மறைக்காமல், திட்டி ஒதுக்காமல், பேசிச் சரிசெய்யும் பழக்கம். இது இல்லாத இடத்தில் மற்ற நான்கும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இவை இல்லாமல், நாளொன்றுக்குப் பத்துப் பேரைத் திணித்து, கட்டணத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு, 'கூட்டு கிளினிக்' என்று பெயர் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே சேரும் இளையவர் சில ஆண்டுகளில் களைத்து, இந்தத் துறையையே விட்டுவிடுகிறார். அதற்குள் அவரிடம் வந்தவர்களுக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட ஆளில்லை.

கூட்டத்தில் பேசினால் அமானிதம் என்ன ஆகும்?

நம் மக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 'என் வீட்டு விஷயத்தை நான்கு பேர் கூடிப் பேசுவார்களா?'

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருப்பதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சைக்குத் தேவையான அளவில் மற்ற மனநலப் பணியாளரோடு பகிர்வதற்கு அதே சட்டம் இடம் தருகிறது. நல்ல கிளினிக்கில் இதை முதல் நாளே சொல்லி ஒப்புதல் பெறுவார்கள். கூட்டத்தில் பெயர், ஊர், தெரு, தொழில் ஆகியவை வராது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், அவர் இல்லாதபோது மட்டும் பேசும்படி நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றில் சொல்ல வேண்டி வரும். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 'குடும்ப மானம் போய்விடும், மறைத்து விடுங்கள்' என்று எந்த ஜமாஅத் தலைவர் கேட்டாலும் சிகிச்சையாளர் மறைக்க முடியாது. மறைக்கவும் கூடாது. அங்கே அமானிதம் அந்தக் குழந்தைக்குரியது.

இன்னொரு கேள்வியைப் பெண்கள் என் வீட்டார் மூலம் கேட்டு அனுப்புகிறார்கள். 'கணவரின் குறையைச் சிகிச்சையாளரிடம் சொன்னால் அது புறம் பேசுவதாகாதா?' ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள், தம் கணவர் அபூஸுஃப்யான் (ரலி) தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான செலவுக்குத் தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். நபியவர்கள் அதைப் புறம் என்று கண்டிக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ள வழி காட்டினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஒருவரின் குறையை எடுத்துச் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களை ரியாளுஸ் ஸாலிஹீனில் வரிசைப்படுத்தும்போது, அநீதியை முறையிடுவதையும் மார்க்கத் தீர்ப்புக் கேட்பதையும் சேர்த்திருக்கிறார்கள். தீர்வு தேடி, தேவையான அளவுக்கு, ரகசியம் காப்பவரிடம் சொல்வது அண்டை வீட்டில் உட்கார்ந்து பேசுவதைப் போன்றதல்ல. அண்டை வீட்டில் பேச அஞ்சாத நாம், சிகிச்சையாளரிடம் பேச மட்டும் மார்க்கத்தைக் காரணம் காட்டுவது சரியா என்று யோசிக்க வேண்டும்.

நமக்குப் புதிய விஷயம் அல்ல

மனநோயென்றாலே ஜின், கண்ணேறு, செய்வினை என்று முடிவு கட்டுவது நம்முடைய பழைய அறிஞர்களின் வழி அல்ல. பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி (மறைவு கி.பி. 934) உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். கோபம், அச்சம், துக்கம் ஆகியவற்றோடு, மனதில் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தரும் வஸ்வாஸுக்கும் தனி அத்தியாயம் வைத்தார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் பிரித்துப் பேசினார். கெய்ரோவில் 1284-இல் கட்டி முடிக்கப்பட்ட மன்ஸூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் ஓதுகிறேன். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஓதுவதற்காகச் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து மட்டும் விலகி இருங்கள்.

வேலையில் சேரும் பிள்ளைகள் கேட்க வேண்டியவை

• எனக்கு மேற்பார்வை செய்பவர் யார்? அவருடைய பதிவு என்ன? வாரம் எத்தனை மணி நேரம்?
• ஒரு நாளைக்கு எத்தனை அமர்வுகள்? குறிப்பு எழுத நேரம் தனியாக உண்டா?
• சம்பளமா, பங்கா? வராமல் போனவருக்கு என்ன கணக்கு? எழுத்தில் தருவீர்களா?
• நெருக்கடி அழைப்புகளை யார் எடுக்கிறார்கள்? இரவில் என் சொந்த எண்ணைத் தர வேண்டுமா?
• நான் வெளியேறினால், என்னிடம் வந்துகொண்டிருப்பவர்களின் சிகிச்சை எப்படித் தொடரும்?
• ளுஹர், அஸர் நேரத்துக்கும் ஜும்ஆவுக்கும் இடைவெளி கிடைக்குமா?

கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை

• மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.
• ஆலோசகர் என்றால், என்ன படிப்பு, எங்கே பயிற்சி, யார் மேற்பார்வை என்று கேளுங்கள்.
• மருந்து தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். 'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன்' என்பவரிடம் கவனமாக இருங்கள்.
• இத்தனை நாளில் முழுக் குணம் என்று உத்தரவாதம் தருபவரை நம்ப வேண்டாம்.
• பிள்ளை உள்ளே பேசியதை வெளியே வந்ததும் துருவிக் கேட்காதீர்கள். அந்த அறை அவனுக்குப் பாதுகாப்பாக இருந்தால்தான் சிகிச்சை நடக்கும்.
• கட்டணம் தாங்காது என்றால் அரசு வசதிகள் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794 முதல் இயங்கி வருகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் தந்தைக்குச் சொன்ன பதில்

இரண்டு வாரம் கழித்து அவரை நானே தேடிப் போனேன். "மகளைப் படிக்க வையுங்கள். ஆனால் பதிவு கிடைக்கும் படிப்பா என்று பார்த்துச் சேருங்கள். வேலைக்குப் போகும்போது சம்பளத்தை முதலில் கேட்காதீர்கள். அவளுக்கு மேலே யார், அவளோடு யார் என்று கேளுங்கள்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொண்ணு கொடுக்கும்போது கேக்குற மாதிரியே இருக்கே ஹஜ்ரத்" என்று சிரித்தார். ஏறக்குறைய அப்படித்தான். பிறரின் துயரத்தை ஆயுள் முழுக்கக் கேட்கப் போகிறவளுக்கு, அவள் துயரத்தைக் கேட்கவும் ஆட்கள் இருக்க வேண்டும் அல்லவா?

அந்த இளைஞர் இப்போது உளூவை ஒரு முறை கழுவி முடித்துக்கொண்டு ஜமாஅத்துக்கு வருகிறார். ஐயம் முழுவதும் போகவில்லை என்றும், அதோடு வாழக் கற்றுக்கொண்டதாகவும் அவரே சொன்னார். இதை எழுதவும் சம்மதம் தந்தார்.

எனக்கும் ஒரு பாடம். இமாம்களும் ஆலிம்களும் தினமும் மக்களின் மனக்குறைகளைக் கேட்கிறோம். நமக்கு மேற்பார்வை இல்லை, வாராந்திரக் கூட்டம் இல்லை, உரிமமும் இல்லை. குறைந்தபட்சம், நம் மஹல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பதிவு பெற்ற ஒரு சிகிச்சையாளரின் எண்ணை ஒவ்வொரு பள்ளிவாசலிலும் வைத்திருக்கலாம். 'இது என் அறிவுக்கு அப்பாற்பட்டது, அவரைப் பாருங்கள்' என்று சொல்வதால் எந்த ஆலிமின் மரியாதையும் குறைந்துவிடாது.

நோய்களுக்கு நிவாரணம் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அதற்காக உழைக்கும் கரங்களை அவன் பலப்படுத்துவானாக! வெளியே சொல்ல முடியாத வேதனையோடு வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு நல்ல வழியைத் திறந்து கொடுப்பானாக! ஆமீன்.